ரெண்டே சீட் உள்ள வண்டி

ஜெபதாஸ் தன் வாழ்க்கையில் மூன்று பெரிய தீர்மானங்கள் எடுத்தார். முதலாவது, மீசை வைப்பது. கல்யாணத்தோடு அது போயிற்று. இரண்டாவது, மாமியார் வீட்டு விஷயத்தில் கறாராக இருப்பது. அதுவும் கல்யாணத்தோடு போயிற்று. மூன்றாவது தீர்மானத்தை ஐம்பத்திரண்டாவது வயதில், யாங்கோன் தாம்வேயில் உள்ள தன் வீட்டில், கரண்ட் வந்த நிமிஷத்தில் அறிவித்தார்.

நேரம் பார்த்துத்தான் அறிவித்தார். கரண்ட் வந்துவிட்டால் மனைவி மக்தலேனா ஒரே மூச்சில் தண்ணீர் மோட்டாரைப் போடுவாள், குக்கரைப் போடுவாள், வீட்டிலுள்ள போன்களையெல்லாம் சார்ஜில் போடுவாள், இஸ்திரிப் பெட்டியையும் தேடுவாள். அந்த ஓட்டத்தில் எதைச் சொன்னாலும் "ம்" என்பாள். பிறகு "நீதானே ம் சொன்னே" என்று அவளைப் பிடித்துக்கொள்ளலாம்.

"லேனா, நான் பிக்கப் வாங்கப் போறேன்."

"ம்."

"ஆபீசுக்கும் ஆச்சு, வேட்டைக்கும் ஆச்சு."

"ம்."

"ரெண்டே சீட் உள்ள பிக்கப்."

மோட்டார் நின்றது. கரண்ட் போகவில்லை. அவளே நிறுத்தியிருந்தாள்.

"ரெண்டு சீட்டா? அப்ப எங்க அக்கா? எங்க அத்தான்?"

ஜெபதாசின் பதிலே அந்த ரெண்டு சீட்தான்.

விஷயம் இதுதான். பதினாலு வருஷம் உழைத்த அவருடைய பழைய வேகன் போன மாதம் நடுரோட்டில் உயிரை விட்டது. அந்த வண்டி இருந்தவரை அவருடைய சனிக்கிழமைகள் எல்லாம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் கியாக்தான் ஊருக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தன. மக்தலேனாவின் அக்கா ஷீபா அங்கே கருவாட்டுக் கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் ஜோஸ், அதாவது ஜெபதாசின் சகலை, சிறுநீரகத்தில் கல் எடுத்துக்கொண்டவர். எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை மறுபடி எடுப்பார். மயக்க ஊசியில் தொடங்குவார். ஜெபதாசுக்கு அந்த ஊசி தன் மேலேயே ஏறின மாதிரி இருக்கும். திரும்பும்போது அக்கா, அத்தான், அவர்களுடைய மகள், மகளின் தோழி, எல்லோரையும் யாங்கோனுக்கு ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விடவும் வேண்டும்.

அவர் மனசோ யாங்கோனுக்கு வடக்கே மாவ்பி கிராமத்துப் பக்கம் கிடந்தது. அங்கே அவருடைய நண்பர் குழந்தைவேலுவின் ஒன்றுவிட்ட தம்பிக்கு வயலும் தோப்பும் உண்டு. வேட்டை அங்கேதான். துப்பாக்கியெல்லாம் கிடையாது, அந்தப் பேச்சே இந்தக் காலத்தில் ஆகாது. உண்டிவில்தான். இத்தனை வருஷத்தில் ஜெபதாஸ் அடித்து வீழ்த்தியது ஒரே ஒரு புறா. அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் வளர்த்த புறா. ஆனால் பறவையா முக்கியம்? மர நிழல், ஒரு குடுவை பனங்கள், யாரும் ஒரு கேள்வியும் கேட்காத நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்துக்காக அவர் ஏங்கினார். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, லீவு நாளில், பஸ்ஸில் இடிபட்டுப் போய்வந்ததோடு சரி.

ரெண்டு சீட் வண்டி வந்தால் கணக்கு நேராகிவிடும். ஒரு சீட்டில் அவர், இன்னொன்றில் குழந்தைவேலு. பின்னால் திறந்த தொட்டி. வெயிலிலும் மழையிலும் அதில் உட்கார்ந்து வர ஷீபா என்ன மூட்டையா?

"எல்லாரும் ஏறுற மாதிரி பெரிசா வாங்குங்க. நாலு கதவு வச்சது வருதே, டபுள் கேப்" என்றாள் மக்தலேனா.

"பாக்கலாம்" என்றார் ஜெபதாஸ். வண்டி விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. மனைவி எந்தப் பக்கம் கை காட்டுகிறாளோ, அதற்கு எதிர்ப்பக்கம் போவது. வேகன் வாங்கிய நாளிலிருந்து அந்தக் கொள்கையை அவர் விட்டதில்லை.

மறுவாரம் இருவரும் தரகர் ஷாநவாசின் வண்டிக் கொட்டகைக்குப் போனார்கள். வாசலிலேயே ஒரு டபுள் கேப் நின்றது. கழுவி, துடைத்து, மெழுகு பூசி, முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம் வேறு தொங்கியது. மக்தலேனா அதைக் கண்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க! எவ்வளவு அழகு பாருங்க!"

"வாங்கண்ணே, வாங்கக்கா" என்று ஷாநவாஸ் ஓடி வந்தான். "லெஃப்ட் ஹேண்டு ஸ்டியரிங். புதுசு மாதிரி. அஞ்சு பேரு தாராளமா உக்காரலாம். நெருக்கினா ஏழு."

ஏழு என்றதும் ஜெபதாஸ் ஒரு அடி பின்னால் வைத்தார். மக்தலேனா அதற்குள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க அக்கா. இங்க அத்தான். நடுவுல அவங்க பொண்ணு. இங்க பாருங்க, அத்தான் காலை நல்லா நீட்டிக்கலாம். அவருக்குக் கல்லு எடுத்த ஒடம்பு."

ஜெபதாஸ் விறுவிறுவென்று கொட்டகையின் பின்பக்கம் நடந்தார். அங்கே ஒரு மூலையில் தார்ப்பாய் மூடிக்கொண்டு ஏதோ நின்றது. பாயைத் தூக்கினார். தும்மினார். தூசிக்கு நடுவே, கடவுளே அனுப்பி வைத்தது போல, வெள்ளை நிறத்தில் ஒரு பிக்கப். இரண்டே கதவு, இரண்டே சீட். பின்னால் மட்டும் தொட்டி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"அது வேணாம்ணே" என்று ஷாநவாஸ் பின்னாலேயே வந்தான். "பழசு. ரைட் ஹேண்டு. உங்களுக்கு ஆகாது."

"எனக்கு ஆகுமா ஆகாதான்னு நான்தான் சொல்லணும்."

"ஏங்க, ரைட் ஹேண்டுன்றாரே!" என்றாள் மக்தலேனா.

அவள் பதறியதற்கு நியாயம் இருந்தது. பர்மாவில் ரோட்டின் வலது பக்கமாகத்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கமே. ஓட்டுகிறவர் ரோட்டோரமாக, சாக்கடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால் அதற்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இடது பக்கத்து சீட்டில் இருப்பவர் தலையை நீட்டிப் பார்த்து "போலாம்" என்று சொன்னால் முந்தலாம். சொல்லாவிட்டால் லாரியின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டே போகலாம். வேகன் இருந்த பதினாலு வருஷமும் அந்த "போலாம்" சொன்னவள் மக்தலேனாதான்.

"யாரு பார்த்துச் சொல்றதாம்?" என்று கேட்டாள். "அந்த மாவ்பிக் காட்டுக்கெல்லாம் நான் வர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"உன்னை யாரு கூப்பிட்டா? குழந்தைவேலு இருக்கான்."

மக்தலேனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு இருமினாள்.

"ஆமா. வேலு அண்ணன் இருக்காரே. நான் அதை நெனக்கல" என்றாள்.

ஜெபதாஸ் வண்டியின் கூரையைத் தட்டினார். "இதுதான். முடிஞ்சுது."

மக்தலேனா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஜெபதாஸ் வழியில் டீக்கடையில் நிறுத்தி, தனக்கு ஒரு டீயும் அவளுக்கு ஒரு டீயும் சொல்லி, இரண்டையும் தானே குடித்தார். ஜெயித்தவனுக்கு அவ்வளவு தாகம் எடுக்கும்.

முதல் சனிக்கிழமை வந்தது. விடிவதற்குள் குழந்தைவேலு தயாராக நின்றார். யாங்கோனின் லான்மடா பேட்டையில் லுங்கிக் கடை வைத்திருப்பவர். துணியைத் தொட்டுப் பார்த்தே கட்டமா கோடா, அசலா போலியா என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமையைக் கடைத்தெருவே மெச்சும். அவர் ஏன் கண்ணால் பார்க்காமல் கையால் பார்க்கிறார் என்று மட்டும் யாரும் யோசித்ததில்லை.

மாவ்பிக்குப் போகும் பியே ரோட்டில் ஏறியதும் முன்னால் ஒரு மூங்கில் லாரி. நத்தையை இறக்கிவிட்டால் அது அந்த லாரியை முந்தியிருக்கும்.

"வேலு, பாரு. எதுத்தாப்புல ஏதாவது வருதா?"

குழந்தைவேலு தலையை வெளியே நீட்டினார். கண்ணைச் சுருக்கினார். "ஒண்ணுமில்ல. போ."

ஜெபதாஸ் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். எதிரே ஒரு பஸ். முழு பஸ். விளக்குப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, வாசலில் ஒரு ஆள் தொங்கிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் கூவி ஆள் ஏற்றும் அந்த ஆளை இங்கே ஸ்பேர் என்பார்கள். அந்த ஸ்பேர் சொன்ன பர்மிய வார்த்தைகளைத் தமிழில் எழுத முடியாது. ஜெபதாஸ் எப்படியோ மறுபடி மூங்கிலுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார்.

"டேய்! ஒண்ணுமில்லன்னியே!"

"அது பஸ்ஸா? நான் மரம்னு நெனச்சேன்."

"மரம் எதுக்குடா எதிர்ல வருது?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"உனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?"

"தெரியாம என்ன? கிட்ட இருக்கறது எல்லாம் தெரியும். தூரத்துல இருக்கறதுதான் கிட்ட வந்தப்புறம் தெரியும்."

அதற்குப் பிறகு குழந்தைவேலு உஷாராகிவிட்டார். எதைக் கேட்டாலும் "வருது, வருது, போகாத" என்றார்.

"என்ன வருது?"

"பெரிசா. மஞ்சளா."

ஜெபதாஸ் காத்திருந்தார். பெரிசாக, மஞ்சளாக வந்தது ஒரு புத்த மடத்தின் வாசல் வளைவு. அது வரவில்லை. இவர்கள்தான் அதனிடம் போனார்கள்.

அப்புறம் மூங்கில் லாரிக்குப் பின்னாலேயே போனார்கள். லாரி டீக்கடையில் நின்றது. இவர்களும் நின்றார்கள். லாரி டயருக்குக் காற்றடித்தது. இவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரர் இறங்கி வந்து, மூங்கில் வியாபாரத்தில் இவர்களுக்கு என்ன பங்கு என்று பர்மிய மொழியில் மரியாதையாக விசாரித்தார். மாவ்பி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கொக்குகள் எல்லாம் தங்கள் வேட்டையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டன. பனங்கள் புளித்துவிட்டது. திரும்பி வரும்போது ஒரு செங்கல் லாரி கிடைத்தது.

வாசலில் மக்தலேனா நின்றாள். "வேட்டை எப்படிங்க?"

"அமோகம்."

அவள் அவர் தலையிலிருந்து ஒரு மூங்கில் இலையை எடுத்தாள். சட்டையைத் தட்டினாள். சிவப்பாகத் தூசி கிளம்பியது. ஒன்றும் சொல்லாமல் வெந்நீர் போடப் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று ஜெபதாசுக்கு இருந்தது.

அடுத்த வாரம் ஒரு வட்டக் கண்ணாடி வாங்கி இடது பக்கக் கதவில் பொருத்திப் பார்த்தார். அதில் குழந்தைவேலுவின் தொப்பை மட்டும் தெரிந்தது. கண்ணைக் காட்டிச் சிகிச்சை செய்துகொள் என்று குழந்தைவேலுவிடம் கெஞ்சினார். "எனக்கென்னடா, முயலை நூறு கஜத்துல பாப்பேன்" என்று அவர் ஜெபதாசின் கையைப் பிடித்துச் சொன்னார். பிடித்தது ஜெபதாசின் கை அல்ல, கியர். லான்மடாவில் வேறு யாராவது வருவார்களா என்று விசாரித்தார். சனிக்கிழமை எல்லோருக்கும் கடை இருந்தது, அல்லது மனைவி இருந்தாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சோறு போடும்போது மக்தலேனா சாதாரணமாகக் கேட்டாள். "நாளைக்கு வண்டி சும்மாதானே நிக்குது?"

"ஏன்?"

"நான் வேணா வந்து பாத்துச் சொல்லட்டுமா?"

"மாவ்பிக்கா?"

"முதல்ல கியாக்தான். கை பழகட்டும். அப்புறம் மாவ்பி."

"ரெண்டு சீட்தான் இருக்கு" என்றார் ஜெபதாஸ், தன் கடைசி ஆயுதத்தை எடுத்து.

"ரெண்டு போதுமே. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு."

இந்தக் கணக்கு அவருக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை என்று நாமும் கேட்கலாம். அவரும் கேட்டுக்கொண்டார்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மறுநாள் ஓட்டியது போல ஜெபதாஸ் என்றைக்கும் ஓட்டியதில்லை. வழியிலிருந்த தன்லியின் ஆற்றுப் பாலம் தாண்டியதும் மக்தலேனா கொண்டையை இறுக்கிக்கொண்டு, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டாள். "இருங்க. ஒரு கார். ஒரு சைக்கிள். ம், போங்க!" என்பாள். அவர் போவார். லாரி, டிராக்டர், பஸ், கல்யாண வண்டி, எல்லாம் பின்னால் போய்விட்டன. அவள் வாயிலிருந்து வந்த ஒரு "போங்க"கூடத் தப்பாகவில்லை. ஜெபதாசுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. கியாக்தான் வந்தபிறகுதான் தான் எங்கே வந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

ஷீபாவின் கடை வாசலில் ஏற்கெனவே கருவாட்டு மூட்டைகள் வரிசையாக நின்றன. வாய் கட்டி, எடை போட்டு, ஏற்றுவதற்குத் தயாராக.

"வாங்க மாப்ள" என்றார் ஜோஸ். "அன்னைக்கு ஊசி போட்டானே, அதுலதான் விட்டேன்."

அவர் கல்லை எடுத்து முடிப்பதற்குள் மூட்டைகள் தொட்டியில் ஏறிவிட்டன. நீளமான தொட்டி. அத்தனையும் பிடித்தது.

"இது என்னடி?"

"சர்ச்சுல பதினெட்டு வீட்டுக்கு ஆர்டர். லான்மடாவுல ரெண்டு கடை. அக்காவும் நானும் சேந்துதான் பண்றோம். வேகன்ல ஏத்த விட்டீங்களா நீங்க, நாறும்னு? பிக்கப்புல தொட்டி பின்னாலதானே இருக்கு, நாறாது."

நாறியது. திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனவர், சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டியில் பூனைகள். செவ்வாய்க்கிழமை அவை உறவினர்களோடு வந்தன. முதலாளி ஜன்னலைச் சாத்தச் சொன்னார். வேட்டை வண்டி என்று வாங்கியதில் அந்த வட்டாரப் பூனைகள்தான் வேட்டையாடின.

அடுத்த சனிக்கிழமையும் கியாக்தான். அதற்கடுத்த சனிக்கிழமை, "கை இன்னும் பழகல" என்றாள் மக்தலேனா. கியாக்தான். ஜோஸ் மயக்கம் தெளிந்து கண் விழிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார்.

அன்று திரும்பி வரும்போது, கருவாட்டு மணத்துக்கு நடுவே, ஜெபதாசுக்கு ஞானம் பிறந்தது. தப்பு ரெண்டு சீட்டில் இல்லை. தப்பு ஸ்டியரிங்கில். லெஃப்ட் ஹேண்டு வண்டி இருந்தால் தானே பார்த்து, தானே முந்தி, தனியாகவே மாவ்பி போகலாம். அக்கா அத்தான் ஏறினால் ஏறிக்கொள்ளட்டும். அந்த மெழுகு பூசிய டபுள் கேப்பே வரட்டும்!

"லேனா, இந்த வண்டியை மாத்தப் போறேன். நீ ஆசைப்பட்டியே, அதையே எடுத்துக்கலாம்."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். "தாராளமா மாத்துங்க. இப்பவே போவோம், வழிதானே" என்றாள். "எதிர்ல ஒண்ணும் வரல. திரும்புங்க."

ஷாநவாசின் கொட்டகைக்கு எதிரே ஓரமாக நிறுத்தினார். மக்தலேனா வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஜெபதாஸ் உள்ளே போனார். வாசலில் டபுள் கேப்பைக் காணோம்.

"ஷாநவாஸ், அந்த லெஃப்ட் ஹேண்டு வண்டி எங்கப்பா? வித்துட்டியா?"

"எந்த வண்டிண்ணே?"

"மல்லிகைச் சரம் போட்டு முன்னால நின்னுச்சே."

ஷாநவாஸ் தலையைச் சொறிந்தான். "அது விக்கிற வண்டி இல்லண்ணே. என் மச்சான் வண்டி."

"பின்னே இங்க எதுக்கு நின்னுச்சு?"

"அக்காதான் ஒரு மணி நேரம் கொண்டாந்து நிறுத்துன்னாங்க. கழுவி, மெழுகு பூசி, முன்னால வையின்னு. உங்க வண்டியை மூலையில வச்சுத் தார்ப்பாய் போடச் சொன்னாங்க. அது தானா படிஞ்ச தூசி இல்லண்ணே, நான்தான் ரெண்டு கூடை மண்ணு கொட்டினேன்."

ஜெபதாசுக்குத் தும்மல் வந்தது.

"அப்ப என் வண்டி?"

"அதுக்கு அக்கா அதுக்கு முந்தின வாரமே அட்வான்ஸ் குடுத்துட்டாங்களே. தொட்டி நீளம் பாத்தாங்க. மூட்டை எத்தனை பிடிக்கும்னு பாத்தாங்க. ரைட் ஹேண்டுதான் வேணும்னு சொன்னாங்க. நான்கூடக் கேட்டேன், அண்ணன் வேட்டைக்குப் போவாரே, யாரு பாத்துச் சொல்றதுன்னு. அதுக்கு அக்கா, 'வேலு அண்ணனுக்கு ஒரு கண்ணுல சுத்தமா தெரியாது, இன்னொண்ணுல பாதிதான், பவுனம்மாளே சொல்லி அழுதுச்சு, நீ கவலைப்படாத'ன்னாங்க." ஷாநவாஸ் நிறுத்தினான். பவுனம்மாள் குழந்தைவேலுவின் மனைவி. "ஏண்ணே, உங்களுக்குத் தெரியாதா?"

ஜெபதாஸ் வெளியே வந்தார். நடக்கும்போதே வார்த்தைகளைச் சேர்த்தார். முப்பது வருஷத்து வார்த்தைகள். மீசையில் தொடங்கி, கருவாட்டில் முடியும்படி, நடுவில் சகலையின் கல்லும் வரும்படி அடுக்கிக்கொண்டார். கதவைத் திறந்தார். ஏறினார். படாரென்று சாத்தினார். வண்டியைக் கிளப்பினார்.

முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதைத் தாண்டினால்தான் வீடு. அதற்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தார்.

மக்தலேனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசாதீங்க. பஸ் வருது."

மூடினார்.

பஸ் போயிற்று. அதற்குப் பின்னால் இன்னொன்று போயிற்று.

"ம், இப்ப போங்க" என்றாள்.

போனார்.